யாழ்ப்பாணத்திலை கலியாணம், ஆக்கள் ரொறன்ரோவிலையும் லண்டனிலையும்: எதை முதல் பிடிக்கிறது?

ஸ்காபரோத் தமையன் கேட்டது:

தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடிஞ்சுது. அவ கனடாக் குடியுரிமை, மாப்பிள்ளை பிரித்தானியக் குடியுரிமை. ரெண்டு பேரிட்டையும் இலங்கைப் பாஸ்போட் இல்லை. ரெண்டு பக்கத்து அம்மம்மாமாரும் ஊரிலைதான், பயணம் செய்யேலாது. அதாலை தாலி கட்டு யாழ்ப்பாணத்திலை எண்டு முடிவு.

வெளியிலை இருந்து வாறது 60 பேரளவு, அதிலை பள்ளிக்கூடம் போற பிள்ளையள் கொஞ்சம். ஊரிலை 300 பேருக்குக் குறையாது. அடுத்த வருசம் யூலை, இல்லாட்டி டிசெம்பர் எண்டு யோசிக்கிறம். எல்லாருக்கும் மூண்டு கிழமைக்கு மேலை லீவு கிடைக்காது.

தெரிய வேண்டியது: நாள் எப்பிடித் தெரிவு செய்யிறது? எழுத்தை (சட்டப்படி விவாகப் பதிவை) அங்கை வைக்கிறதோ, இங்கை முடிச்சுக்கொண்டு போறதோ? மண்டபம், சாப்பாட்டிலை எங்கை பிழைக்கும்? நகையள், ஆக்கள் எல்லாத்தையும் கொழும்பாலை கொண்டு போறதோ, சென்னையாலையோ? விசயம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விபரமாச் சொல்லுங்கோ.

கொக்குவிலான்:

தம்பி, மண்டபம் தேட முதல் பஞ்சாங்கத்தையும் பள்ளிக்கூட விடுமுறைக் கலண்டரையும் பக்கத்திலை பக்கத்திலை வையுங்கோ. நீங்கள் சொன்ன ரெண்டு மாசமும் வெளிநாட்டுக்கு வசதி, யாழ்ப்பாணத்துக்கு ஆகாது. யூலை நடுவிலை இருந்து ஓகஸ்ட் நடு வரைக்கும் ஆடி. டிசெம்பர் நடுவிலை இருந்து சனவரி நடு வரைக்கும் மார்கழி. செப்டெம்பர் நடுவிலை தொடங்கிற புரட்டாதியும் விலக்கு. உங்கடை பெரிய லீவு ரெண்டும் நேரா இதுக்குள்ளைதான் விழுது.

மிச்சம் இருக்கிறதைப் பாருங்கோ. ரொறன்ரோப் பிள்ளையளுக்கு யூன் கடைசியிலை பள்ளிக்கூடம் முடியும், ஆனி மாசம் யூலை 15, 16 வரைக்கும் இருக்கு. அந்த ரெண்டு கிழமை உங்களுக்குப் பொருந்தும், ஆனால் லண்டன் பிள்ளையளுக்கு அப்பவும் பள்ளிக்கூடம் நடக்கும். ரெண்டு நாட்டுக்கும் பொதுவா வாறது ஆவணி தொடங்கி ஓகஸ்ட் முடியும் வரைக்கும், அதாவது 17 இலை இருந்து 31 மட்டும்தான். அதுக்குள்ளையும் நல்லூர்த் திருவிழா நிக்கும். 25 நாள் திருவிழா, சந்திரனோடை போறதாலை திகதி ஓடும்: 2023 இலை ஓகஸ்ட் 21 கொடியேற்றம், 2024 இலை ஓகஸ்ட் 9, 2025 இலை யூலை 29. திருவிழாவுக்குள்ளை கலியாணம் வைக்கக் கூடாது எண்டு ஒரு சட்டமும் இல்லை. ஆனால் கோயிலைச் சுத்தி றோட்டுப் பூட்டு, தங்கிற அறை கிடையாது, பாதிச் சனம் விரதம், மேளக்காரரும் ஐயர்மாரும் ஒரு இடத்திலை நிக்க மாட்டினம். ஆகவே அடுத்த வருசக் கொடியேற்றத் திகதியை முதல் பாத்து, அதோடை முட்டாத நாளை எடுங்கோ.

பள்ளிக்கூடப் பிள்ளையளை விட்டிட்டு வரலாம் எண்டால் தை மாசத்தை விட நல்ல மாசம் இல்லை. மழை ஓய்ஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது, தோட்டத்து மரக்கறியும் தாராளம். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தத்துக்கு நல்லது, மழைக்கு ஆகாது. வடகீழ்ப் பருவ மழை நவம்பரிலைதான் ஊத்தும், பந்தல் போட்டு வீட்டிலை சமைக்கிற யோசினையே வேண்டாம். யூன் முதல் செப்டெம்பர் வரைக்கும் சோளகக் காத்து, அதாவது தென்மேல் காத்து. வெளியிலை துணிச் சோடனை நிக்காது, பூ வாடுமுன்னம் பறக்கும்.

நாள் பாக்கிற போது இன்னொண்டு. யாழ்ப்பாணத்திலை வாக்கியம், திருக்கணிதம் எண்டு ரெண்டு பஞ்சாங்கம். திதியும் நட்சத்திரமும் முடியிற நேரம் ரெண்டிலையும் ஒத்து வராது. ஒரு பக்கம் வாக்கியத்திலை நாள் வைச்சு மண்டபத்துக்கு முற்பணமும் குடுத்தாப் பிறகு, மற்றப் பக்கத்துப் பெரியப்பா திருக்கணிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் சண்டைதான். எந்தப் பஞ்சாங்கம் எண்டதை முதல் நாளே ரெண்டு வீடும் பேசுங்கோ. இணையத்திலை கிடைக்கிற தமிழ்நாட்டு நாட்காட்டியைப் பாத்து முடிவெடுக்க வேண்டாம். இங்கத்தை ஐயருக்கு ரெண்டு பேரின்ரை நட்சத்திரத்தையும் அனுப்பி, மூண்டு நாள் எழுதித் தரச் சொல்லுங்கோ. ஒரே நாளை வைச்சுக்கொண்டு மண்டபம் தேடினால் உங்களுக்குப் பேரம் பேச இடமில்லை.

இனிக் கலியாணத்துக்கு முந்தின கிழமை. பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டிலை. தாலிக்குரிய பொன்னை உருக்கிக் குடுத்தாப் பிறகு ஆசாரியார் தாலி செய்து கொடியிலை கோக்க நாள் வேணும். அவருக்கும் அந்தக் கிழமை நாலு பேரின்ரை தாலி கையிலை இருக்கும். எப்பிடியும் ஒரு கிழமை விடுங்கோ. தாலிக்கொடியை அங்கையே செய்து கொண்டு வந்தாலும் தாலிப் பொன்னை இங்கை உருக்கலாம், அதுதான் இப்ப அநேகமா நடக்கிறது. கொடி 5, 7, 9, 11 எண்டு ஒற்றைப் பவுணிலைதான் செய்யிறது. பவுண் 8 கிராம், ஆக 9 பவுண் எண்டால் 72 கிராம். தாலியையும் சேர்த்து நிறுக்கிறதோ, கொடி மட்டுமோ எண்டதைத் தாளிலை எழுதி வைச்சிருங்கோ.

வெளிநாட்டுப் பிள்ளையளுக்குத் தெரியாத விசயம்: பொன்னுருக்கினாப் பிறகு தாலி கட்டும் வரைக்கும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் முகம் பாக்கிறேல்லை. படப்பிடிப்புக்காரர் கலியாணத்துக்கு முந்தின ரெண்டு நாளிலைதான் கசூரினாக் கடற்கரையிலை படம் எடுக்கலாம் எண்டு வைச்சிருப்பினம். அம்மம்மா கேள்விப்பட்டால் அண்டைக்கே பிரச்சினை. சோடியாப் படம் எடுக்கிறது, எழுத்து, ரெண்டு பேரும் சேர்ந்து போக வேண்டிய எல்லாத்தையும் பொன்னுருக்கலுக்கு முன்னம் முடியுங்கோ. ஆகக் குறைஞ்சது ரெண்டு பேரும் கலியாணத்துக்குப் 12 நாளுக்கு முதல் ஊரிலை நிக்க வேணும்.

அழைப்பு அட்டையை வட்ஸ்அப்பிலை அனுப்பிப்போட்டு ஊர்ச் சனம் வருமெண்டு இருக்க வேண்டாம். வீடு வீடாப் போய்ச் சொல்ல வேணும், அதுக்கு அப்பா அம்மாவுக்கு முழுசா அஞ்சு நாள். கணக்கிலை வராத நாள் அதுதான்.

எழுத்து மேசை:

எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இருவரும் வெளிநாட்டுக் குடியுரிமை என்றால் மூன்று வழி இருக்கிறது: இலங்கையில் பதிவது, ஒன்ராறியோவில் பதிவது, இங்கிலாந்தில் பதிவது. ஏதாவது ஒன்றுதான். ஒரு நாட்டில் பதிந்துவிட்டு, 'அங்கே அம்மம்மாவுக்கு முன்னாலும் ஒருக்கால் கையெழுத்து வைப்போம்' என்று இலங்கைப் பதிவாளர் முன் விவாகமாகாதவர் என எழுதிக் கொடுப்பது பொய்ப் பிரகடனம். பின்னால் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு சான்றிதழ், இரண்டு திகதி என்று வந்து நிற்கும்.

இங்கிலாந்து வழி பார்வைக்குச் சுலபம், உங்களுக்குச் சிக்கல். கனடாக்காரர் சாதாரணப் பயணியாக லண்டன் வந்து பதிய முடியாது. திருமணத்துக்கான பார்வையாளர் விசா தனியாக எடுக்க வேண்டும். அறிவித்தல் கொடுத்த பின் குறைந்தது 28 நாள் காத்திருப்பு, அது 70 நாளாகவும் நீளலாம். ஒன்ராறியோவில் வதிவிட நிபந்தனை இல்லை. மாப்பிள்ளை வந்து போகும் ஒரு கிழமைக்குள் முடிக்கலாம். அனுமதிப்பத்திரம் 90 நாளுக்குச் செல்லும், ஒன்ராறியோவுக்குள் மட்டும் செல்லும். அந்தத் தாளை யாழ்ப்பாணம் கொண்டுபோய்ப் பயனில்லை. அப்படிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இலங்கையில் பதிவது என்றால் 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ். சாதாரண அறிவித்தலுக்கு 10 நாள் வதிவு, அறிவித்தலின் பின் 12 நாள் காத்திருப்பு. கூட்டினால் 22 நாள், உங்கள் மூன்று கிழமை லீவு அதோடு சரி. ஆகவே வெளிநாட்டிலிருந்து வருவோர் விசேட அனுமதிப்பத்திரம் கேட்பதுதான் வழமை. அதில் காத்திருப்பு இல்லை, மண்டபத்திலோ வீட்டிலோ வைத்தே எழுதலாம். ஆனால் காலையில் இறங்கி மாலையில் எழுத்து வைக்க முடியாது. ஒரு முழு வேலைக் கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். அரச விடுமுறை, போயா (பூரணை) தினம் இரண்டையும் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

போக வேண்டிய இடம் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர். வெளிநாட்டவர் விவாகம் பற்றிய நடைமுறை 2022 இல் ஒரு சுற்றறிக்கையால் இறுகியது, பின்னர் மாறியது. எனவே பழைய யூடியூப் காணொளி எதையும் நம்ப வேண்டாம். ஊரிலுள்ள உறவினர் ஒருவரை நேரே அனுப்பி, அன்றைய தேவைப் பட்டியலை எழுதி வாங்குங்கள். பொதுவாகக் கேட்கப்படுவது கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், விவாகமாகாதவர் என்ற சான்று. முன்பு திருமணமானவராக இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் இறுதிப் பிரதி, அல்லது துணைவரின் இறப்புச் சான்றிதழ்.

இங்கேதான் அநேகமானோர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்ராறியோவில் இரண்டு விதப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. சின்ன வடிவத்தில் தாய் தந்தை பெயர் இராது. பிரித்தானியச் சுருக்கப் பிரதியிலும் அப்படியே. இலங்கை விவாகச் சான்றிதழில் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் எழுத ஒரு நிரல் இருக்கிறது. பெற்றார் பெயருள்ள முழுப் பிரதி கையில் இல்லாமல் விமானம் ஏற வேண்டாம்.

விவாகமாகாதவர் சான்றை மாப்பிள்ளை தன் உள்ளூர்ப் பதிவகத்தில் எடுக்க வேண்டும். அந்தப் பகுதியில் 7 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவித்தல் 28 நாள் காட்சிக்கு இருக்கும். கனடா இப்படியொரு சான்றிதழை வழங்குவதில்லை. அதற்குப் பதிலாக மத்திய வெளிவிவகார அமைச்சு ஒரு கூற்றுக் கடிதம் தரும். கடைசி மாதத்தில் ஓடித் திரியாமல் மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பெயர். அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, கனடாக் கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்து, முதலெழுத்து சில இடத்தில் குடும்பப் பெயராக மாறியிருக்கும். விவாகச் சான்றிதழில் இருவரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, வர வேண்டும். கையெழுத்து வைக்குமுன் பதிவாளரின் மேசையில் வைத்தே வாசித்துப் பாருங்கள். கையெழுத்து விழுந்த பின் திருத்துவது வேறு விண்ணப்பம், வேறு மாதக்கணக்கு. யாழ்ப்பாணத்தில் பதிந்தால் சான்றிதழ் தமிழில் இருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்து, வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சியையும் பெறுங்கள். அதற்குக் கொழும்பு ஓடத் தேவையில்லை, யாழ் மாவட்டச் செயலகத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

கேட்காத ஒன்று. சீதனமாகக் காணி எழுதும் எண்ணம் இருந்தால் நாளைக்கே ஒரு நொத்தாரிசை (காணி உறுதி எழுதுபவரை) பாருங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. தங்கச்சிக்குக் கனடாக் குடியுரிமை மட்டும் என்றால், கலியாணக் கிழமையில் உறுதி எழுதலாம் என்ற நினைப்பில் வராதீர்கள்.

பந்திக்காரன்:

மண்டபம் ரெண்டு விதமாத் தருவினம். மண்டபம் மட்டும் வாடைக்கு, சமையல், சோடனை உங்கடை பாடு. இல்லாட்டித் தலைக்கு இவ்வளவு எண்டு எல்லாம் சேர்த்து. வெளிநாட்டிலை இருந்து நடத்திறவைக்கு ரெண்டாவது தலையிடி குறைவு, ஆனால் தலைக்கணக்கிலை என்ன அடக்கம் எண்டதை வரி வரியா எழுதி வாங்குங்கோ: மணவறை, சோடனை, குளிரூட்டி எத்தினை மணித்தியாலம், ஜெனரேற்றர் டீசல் ஆற்றை செலவு, முதல் நாள் பின்னேரம் சோடிக்க மண்டபம் திறப்பினமோ. கடைசிக் கேள்வி முக்கியம். முகூர்த்த நாளெண்டால் முதல் நாள் இரவு அதே மண்டபத்திலை வேறை ஆளின்ரை வரவேற்பு நடக்கும், சோடனைக்காரன் விடியப்புறம் 2 மணிக்குத்தான் உள்ளுக்கை போவான்.

ஹோட்டல் மண்டபத்திலை புகை உணரி இருக்கும். ஓமம் வளர்க்க விடுவினமோ, எந்த அளவிலை எண்டு கேளுங்கோ. 'சின்னதா வையுங்கோ' எண்டு வாயாலை சொல்லிப்போட்டு அண்டைக்கு வந்து நிப்பாட்டுற இடமும் இருக்கு.

சாப்பாடு. தாலி கட்டுக்கு மரக்கறிதான், அதிலை பேச்சில்லை. எண்ணிக்கைதான் பேச்சு. ஊரிலை 'குடும்ப சமேதரா' எண்டு அட்டை குடுக்கிறது. ஒரு அட்டைக்கு ரெண்டரைப் பேர் எண்டு போடுங்கோ. 120 அட்டை எண்டால் 300. மேளக்காரர், ஐயர்மார், வீடியோக்காரர், வான் சாரதிமார், சோடனைப் பெடியள் எண்டு இன்னொரு 30 பேர் எந்தக் கணக்கிலையும் வராயினம். அவையும் சாப்பிட வேணும்.

பச்சையரிசி, புழுங்கலரிசி எதெண்டாலும் 100 பேருக்கு 10 இலை இருந்து 12 கிலோ. பருப்பு 4 கிலோ. பாயாசம் ஆளுக்கு ஒரு சின்னக் கப் எண்டால் 100 பேருக்கு 10 லீற்றர். வடை ஆளுக்கொண்டு, மேலை பத்து வீதம் கூட்டிப் போடுங்கோ, பிள்ளையள் ரெண்டாவது எடுக்கும். தயிரை நேரத்தோடை சொல்லாட்டி முகூர்த்த நாளிலை கிடையாது. சோறு குறைஞ்சால் அரை மணித்தியாலத்திலை வடிக்கலாம், கத்தரிக்காய்ப் பால்கறியும் வாழைக்காய்ப் பிரட்டலும் குறைஞ்சால் ஒண்டும் செய்யேலாது. ஆகவே கறியிலை கை வைக்காதேங்கோ. ஒரு கறி வகையைக் குறைச்சுப்போட்டு மற்றதுகளின்ரை அளவைக் கூட்டுறது புத்தி.

வாழையிலைப் பந்தியெண்டால் சாப்பாட்டு அறையிலை எத்தினை கதிரை எண்டு போய் எண்ணிப் பாக்கச் சொல்லுங்கோ. 130 கதிரையும், ஊராக்கள் 300, அந்த 30, வெளியிலை இருந்து வாற 60 எல்லாம் சேர்த்து 390 ஆக்களும் எண்டால் மூண்டு பந்தி. இருந்து எழும்பி, துடைச்சு, திரும்ப இலை போட ஒரு பந்திக்கு 40 நிமிசம். முதற் பந்தி 11 மணிக்குத் தொடங்கினால் கடைசி ஆள் 1 மணிக்குக் கை கழுவும். தாலி கட்டி முடிஞ்ச உடனை எல்லாரும் மேடைக்குப் படமெடுக்க வராயினம், பாதிப்பேர் நேரே பந்திக்குத்தான் போவினம். அதைப் பிழையா எடுக்காதேங்கோ.

பின்னேர வரவேற்புக்கு இறைச்சியும் மதுவும் எண்டால் வேறை இடம் பாருங்கோ, கோயிலோடை ஒட்டின மண்டபங்களிலை விட மாட்டினம். போயா நாளோ எண்டும் பாருங்கோ. போயாவிலை மது விற்பனை இல்லை, இறைச்சிக்கடையும் பூட்டு. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேணும், மண்டபக்காரர் எடுப்பினமோ நீங்களோ எண்டதையும் தாளிலை போடுங்கோ. ட்ரோன் பறக்க விடுறதெண்டால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ரை அனுமதி வேணும். பலாலிப் பக்கம் விமான நிலையமும் முகாமும் இருக்கிறதாலை அங்காலை மண்டபம் எடுத்தவை அந்த ஆசையை விடலாம்.

மேளத்துக்கு இணுவில், அளவெட்டிக் குழுக்களை நாள் வைச்ச கையோடையே பிடிக்க வேணும். மண்டபம் கிடைச்சும் மேளம் கிடைக்காத முகூர்த்தம் உண்டு.

கட்டுநாயக்கா வான்:

60 பேரை ஒரே வழியால் கொண்டு வர வேண்டாம்.

கட்டுநாயக்காவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு புத்தளம், அனுராதபுரம், வவுனியாவால வந்து ஏ9 வீதியைப் பிடித்தால் ஏழு மணித்தியாலம் என்று வையுங்கள், சாப்பாட்டோடு எட்டு. 14 இருக்கை வான் என்பார்கள். ஆளுக்கு இரண்டு 23 கிலோப் பெட்டியோடு வாற கனடாக்காரர் அதில் எட்டுப் பேர்தான் இருக்கலாம். 60 பேருக்கு இரண்டு கோஸ்ரர் பஸ்சும் பெட்டிகளுக்குத் தனி வாகனமும் பிடிப்பது எட்டு வானை விட மலிவு, ஆக்களும் சிதற மாட்டார்கள். இரவில் இறங்கிற ஆக்களை நீர்கொழும்பில் படுக்க வைத்து விடிய வெளிக்கிடுத்துங்கள். நித்திரை முழிப்புச் சாரதியோடு வவுனியாக் காட்டு றோட்டில் ஓடுவது தேவையில்லாத வேலை.

சென்னை வழி: பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, இடையில் நின்று 2022 டிசெம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது. ஓடுவது ஏரீஆர் சிறு விமானம், எழுபது சொச்ச இருக்கை. ஒரே நாளில் 60 பேரை ஏற்ற நினைக்காதீர்கள். ரொறன்ரோ டிக்கெட்டும் சென்னை–யாழ்ப்பாண டிக்கெட்டும் தனித்தனி என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து வெளியே வந்து திரும்ப ஏற்ற வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும், திரும்பும்போதும் அதே வழியென்றால் இரண்டாம் நுழைவுக்கும் செல்லும் விசாவாக இருக்க வேண்டும். சிறு விமானத்தின் பெட்டிக் கணக்கு கனடாக் கணக்கை விடக் குறைவு. கூறைச்சேலை, உடுப்பு எடுக்கச் சென்னையில் இறங்கிறவர்களுக்கு மட்டும் இந்த வழி சரி. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கியது, கடல் குழம்பினால் நிற்கும். கலியாணத்துக்கு வாற ஆளை அதில் ஏற்ற வேண்டாம்.

நகை: தாலிக்கொடியும் அட்டியலும் சென்னையால் கொண்டு போகாதீர்கள். அங்கே வெளியே வந்தால் இந்தியச் சுங்கத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். கொழும்பு வழியால், கைப்பெட்டியில், வாங்கின பற்றுச்சீட்டோடு. கனடாவில் வாங்கின நகையைத் திரும்பக் கொண்டு வரும்போது 'இது இங்கே வாங்கினது' என்று காட்டவும் அதே பற்றுச்சீட்டுத்தான். வெளிக்கிட முன்னம் எல்லா நகையையும் படமெடுத்து, கனடாவில் எடுத்த மதிப்பீட்டு அறிக்கையோடு கொண்டு போனால் இன்னும் நல்லது. ஊரில் புதிதாகச் செய்த நகை, அன்பளிப்பு நகை வேறு கணக்கு. கனடாவுக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் நின்றவர் ஆளுக்கு 800 டொலர், பிரித்தானியாவுக்கு 390 பவுண்ஸ் வரைதான் வரியில்லாமல். கையில் 10,000 கனடா டொலருக்கோ அதற்கு மேலோ காசு இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். அன்பளிப்பு என்வலப்புகளும் அதற்குள் அடக்கம்.

ஸ்காபரோத் தமையன்:

எல்லாருக்கும் நன்றி. வீட்டிலை கதைச்சாச்சு. எழுத்தை ஒன்ராறியோவிலை முடிக்கிறம், மாப்பிள்ளை ஈஸ்ரருக்கு வாறார். தாலி கட்டு தை மாசம், பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் குடுக்கிறதுதான். ஐயர் தந்த மூண்டு நாளிலை ஒண்டின்ரை முகூர்த்தம் காலமை 9.10 இலை இருந்து 10.20. மேக்கப் செய்யிறவ பொம்பிளையை 8 மணிக்கு மண்டபத்துக்குக் கொண்டு வந்தால் காணும் எண்டு சொல்லுறா. காணுமோ?

கொக்குவிலான்:

காணாது தம்பி. பின்னாலை இருந்து எண்ணுங்கோ.

தாலி கட்டுறதை 9.40 எண்டு வையுங்கோ, முகூர்த்தத்தின்ரை கடைசி நிமிசத்துக்கு விடாதேங்கோ. அதுக்கு முதல் கன்னிகாதானம் முடிஞ்சு கூறையைத் தட்டத்திலை குடுத்தாப் பிறகு பொம்பிளை எழும்பிப் போய்க் கூறை மாத்திக்கொண்டு வர வேணும். எல்லாக் கலியாணத்திலையும் நேரம் விழுங்கிறது இந்த இடந்தான். ஐயர் சும்மா இருப்பார், மேளம் மூண்டாவது கீர்த்தனைக்குப் போயிடும். 30 நிமிசம் விடுங்கோ. ஆகவே கூறை கையிலை குடுக்கிறது 9.00 மணிக்கு. கன்னிகாதானம் 8.45. பொம்பிளையை மணவறைக்கு அழைக்கிறது 8.25. மாப்பிள்ளை அதுக்கு முதலே இருந்து சங்கற்பம், பிள்ளையார் பூசை, காப்பு எல்லாம் முடிக்க வேணும், அவர் இருக்கிறது 7.50. மண்டப வாசலிலை ஆரத்தி, கால் கழுவல் 7.30. அவையின்ரை வீட்டிலை பாலறுகு (பாலும் அறுகும் தலையிலை) வைச்சு, தோயவாத்து, தலைப்பாகை கட்ட ஒரு மணித்தியாலம், ஆகவே மாப்பிள்ளைத் தோழனா நிக்கிற பொம்பிளையின்ரை சகோதரன் 6 மணிக்கே அங்கை நிக்க வேணும். அந்தத் தோழன் நீங்களோ உங்கடை தம்பியோ எண்டதையும் இப்பவே முடிவெடுங்கோ.

பொம்பிளை மண்டபத்துக்கு 7.15 க்கு. மேக்கப் 4 மணிக்குத் தொடங்க வேணும்.

பந்திக்காரன்:

மேக்கப் செய்யிறவ வெளிநாட்டிலை இருந்து வாறவ எண்டால் ஒண்டு சொல்லி வையுங்கோ: யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, சில பக்கம் சவர் (உப்புத் தண்ணி). அதிலை முழுகின தலைமயிர் படியாது, சவர்க்காரமும் நுரைக்காது. முதல் நாள் முழுக நல்ல தண்ணி பவுசரிலையோ பெரிய போத்தல்களிலையோ எடுத்து வையுங்கோ. கூறை மாத்திற அறை மேடையோடை ஒட்டினதோ, மாடியிலையோ எண்டும் பாருங்கோ. மாடியெண்டால் அந்த 30 நிமிசம் 40.

கொக்குவிலான்:

கூறைக்குரிய ப்ளவுஸை முதல் சேலைக்கே போட்டு விடுற மாதிரி நிறம் பாத்துத் தைச்சால் பத்து நிமிசம் மிச்சம். கொசுவத்தையும் முந்தானையையும் முதல் நாளே மடிச்சு ஊசி குத்தி வைக்கலாம் எண்டு சொல்லுவினம். கூறையைத் தட்டத்திலை வைச்சுச் சபைக்குக் காட்டி ஆசீர்வாதம் வாங்கிறது, அதாலை ஊசி குத்தினபடி வைக்க உங்கடை பக்கத்துப் பெரியவை சம்மதிப்பினமோ எண்டு அம்மம்மாவைக் கேட்டிட்டுச் செய்யுங்கோ.